பிழையை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது?

ஒரு சிறு பதிப்பகம் என்று வைத்துக்கொள்வோம். நாவல் ஒன்றின் கோப்பு இரண்டு இடங்களில் தட்டச்சாகி வந்திருக்கிறது. முதல் பாதி தமிழ்99 விசைப்பலகையில் அடித்தது. இரண்டாம் பாதி பழைய பாமினி எழுத்துருவில் இருந்ததை ஏதோ ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. மெய்ப்புப் பார்ப்பவர் 'கொடுத்தான்' என்று தேடுகிறார். முதல் பாதியில் வருகிற இடமெல்லாம் கிடைக்கிறது. இரண்டாம் பாதியில் ஒன்றுகூட இல்லை. அதே சொல் கண்ணெதிரே திரையில் இருக்கிறது, தேடல் பெட்டியோ 'கிடைக்கவில்லை' என்கிறது.

பதிப்பகம்தான் கற்பனை, காரணம் நிஜம். யூனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். இரண்டும் ஒன்றுதான் என்கிறது யூனிகோடு தரம். ஆனால் ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது செயலியின் வேலை. அந்த வேலையைச் செய்யாத செயலிக்கு இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். பைத்தான் நிரல்மொழியில் இரண்டையும் அப்படியே எடுத்துச் சமமா என்று கேட்டுப் பாருங்கள், இல்லை என்றுதான் பதில் வரும்.

சரி, இதை யாரிடம் சொல்வது? மென்பொருளை எழுதியவர்களின் பிழைப்பதிவேடு இருக்கிறது. அதைத் தொகுத்துத் தரும் லினக்ஸ் வழங்கலுக்கு (உபுண்டு, டெபியன் மாதிரி) தனிப் பதிவேடு இருக்கிறது. கேள்வி-பதில் தளங்கள், டெலிகிராம் குழுக்கள், நிறுவனங்களின் 'கருத்துத் தெரிவிக்க' பொத்தான், இப்போது புதிதாக ஏஐ. எல்லா இடத்திலும் போட்டுவைப்போம், எங்காவது பதில் வரட்டும் என்றுதான் பலரும் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் ஓரிடத்தில் கிடைத்த தகவல் இன்னோரிடத்துக்குப் போவதில்லை. எல்லா இடத்திலும் அரைகுறையாக நிற்கும்.

நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இன்று மாலைக்குள் வேலை முடியவேண்டுமா, அல்லது அந்தப் பிழையே திருத்தப்படவேண்டுமா? முதலாவதற்கு அதே மென்பொருளைப் புழங்குகிற ஒருவர் போதும். இரண்டாவதற்கு நிரலில் கைவைக்கக்கூடியவர் வேண்டும். 'யாருமே கண்டுகொள்ளவில்லை' என்ற புலம்பலில் பெரும்பகுதி, இந்த இரண்டையும் இடம் மாற்றிக் கேட்டதால் வந்தது.

இன்றைக்கே வேலை நடக்க

அவசரத்துக்குத் தமிழில் கேட்கக்கூடிய குழுவை எதுவும் மிஞ்சாது. சென்னை லினக்ஸ் பயனர் குழு, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்றவை பல ஆண்டுகளாக இருக்கின்றன. கணியம் அறக்கட்டளையைச் சுற்றியும் தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் இருக்கிறார்கள். 'கொம்பு தனியா, கால் தனியா நிக்குது' என்றால் அங்கே உடனே புரிந்துவிடும். வேறு எந்த இடத்திலும் இதை விளக்கவே இரண்டு பத்தி எழுதவேண்டும். நம் பதிப்பகத்துக்குத் தேவையான பதிலும் இங்கேதான் விரைவில் வரும்: கோப்பைப் பைத்தானில் திறந்து, யூனிகோடு இயல்பாக்கம் (எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது) செய்யும் ஒரு வரியைப் போட்டுத் திரும்பச் சேமியுங்கள், பிரிந்ததெல்லாம் சேர்ந்துவிடும். அச்சுக்குப் போகிற வேலை நிற்காது.

ஆனால் இங்கே கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. 'இதில் விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருக்கீங்களா?' என்று எழுதிவிட்டுக் காத்திருப்பது வீண். இருப்பவர்களுக்கு, என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் கைதூக்க மனம் வராது. திரையைக் கைப்பேசியில் சாய்வாகப் படம் பிடித்து அனுப்புவதும் அப்படித்தான். பிழைச்செய்தியை உரையாகவே ஒட்டினால் படிக்கிறவர் அதை அப்படியே தேடிப் பார்க்க முடியும். இன்னொரு குறை, அரட்டையில் சொன்னது அரட்டையோடு போய்விடும். அடுத்த மாதம் இன்னொரு பதிப்பகம் இதே கேள்வியோடு வரும், யாராவது பொறுமையாக மறுபடி சொல்லவேண்டும்.

நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இதற்கு நேரெதிர். 2008-இல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் தொடங்கியது. ஒருமுறை சொன்ன பதில் எல்லோருக்கும் எப்போதும் கிடைக்கவேண்டும் என்பதுதான் அதன் அமைப்பு. அதனால்தான் ஏற்கெனவே கேட்ட கேள்வி என்றால் மூடிவிடுகிறார்கள், நன்றி வணக்கத்தையெல்லாம் வெட்டிவிடுகிறார்கள். புதிதாக வருபவருக்கு இது முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். ஸ்பானியம், போர்ச்சுகீசியம், ரஷ்யன், ஜப்பானிய மொழிகளுக்குத் தனித் தளம் உண்டு, தமிழுக்கு இல்லை. நிரல் எழுதுகிறவர், தன் நிரலில் சிக்கிய பத்து வரியைப் பிரித்தெடுத்துக் காட்ட முடிகிறவர் என்றால் போகலாம். வேறொருவர் எழுதிய மென்பொருளில் உள்ள கோளாறைச் சொல்ல அது இடமே இல்லை. அங்கே இருப்பவர்களுக்கு அந்த நிரலைத் திருத்தும் அதிகாரம் கிடையாது.

ஏஐயிடம் கேட்பதில் எனக்குத் தயக்கம் இல்லை, எதற்குக் கேட்கிறோம் என்பது முக்கியம். 'தமிழில் தேடினால் கிடைக்கவில்லை' என்பதற்கு 'நார்மலைசேஷன்' என்று ஒரு பெயர் இருக்கிறது என்று அது சொல்லிவிடும். பெயர் தெரிந்தால் பழைய பதிவுகளைத் தேடலாம். தமிழில் எழுதிய புகாரை எளிய ஆங்கிலத்தில் மாற்றவும் உதவும். ஆனால் புகாரையே அது யோசித்து எழுதட்டும் என்று விட்டால் விபரீதம். கர்ல் என்ற, உலகமெங்கும் கோடிக்கணக்கான கருவிகளில் இருக்கும் மென்பொருளை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க், இல்லாத பாதுகாப்பு ஓட்டையை இருப்பதாக ஏஐ எழுதித் தந்த அறிக்கைகளைப் படித்து மறுப்பதிலேயே நேரம் போகிறது என்று 2024 தொடக்கத்திலிருந்து வெளிப்படையாகச் சொல்லிவருகிறார். நீங்களே செய்து பார்க்காத ஒரு படி உங்கள் புகாரில் இருக்கக்கூடாது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் ஏஐ எழுதிய பதில்களை 2022 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது.

பிழையே போகவேண்டும் என்றால்

இதற்கு இரண்டே வாசல். எழுதியவர்கள், அல்லது தொகுத்தவர்கள்.

உபுண்டு, டெபியன் போன்றவற்றில் இருக்கும் பெரும்பாலான மென்பொருள் அவர்கள் எழுதியது இல்லை. வெளியே எழுதப்பட்டதை எடுத்துத் தொகுத்துத் தருகிறார்கள். டெபியனின் பிழைப்பதிவேடு 1994-லிருந்து இருக்கிறது, இன்றும் மின்னஞ்சலில்தான் ஓடுகிறது. உபுண்டுவுக்கு லாஞ்ச்பேட். 'உபுண்டு-பக்' கட்டளையைக் கொடுத்தால் உங்கள் கணினியின் விவரங்களை அதுவே திரட்டிக்கொள்ளும், என்ன பதிப்பு என்று தேடி அலையவேண்டாம். இந்த வசதிக்காகவே பலர் அங்கே போகிறார்கள். லாஞ்ச்பேடின் முதல் எண் பிழையை 2004 ஆகஸ்டில் பதிந்தவர் உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வர்த். 'சந்தையில் பெரும்பங்கு மைக்ரோசாஃப்டிடம் இருக்கிறது' என்பதுதான் பிழை! 2013 மே மாதம்தான் அதை மூடினார்கள். முதலாளி போட்ட பிழைக்கே ஒன்பது வருஷம் என்றால் நம்முடையதற்கு வருத்தப்பட ஒன்றுமில்லை.

தொகுப்பவர்களிடம் போகவேண்டியது எப்போது? நிறுவும்போது தகராறு, இற்றைப்படுத்தியதும் திறக்கவில்லை, சார்புத் தொகுப்பு ஒன்று இல்லை, அதே மென்பொருள் வேறு வழங்கலில் ஒழுங்காக ஓடுகிறது என்கிறபோது. தமிழ் எழுத்து சம்பந்தப்பட்ட கோளாறுகளில் இவை அபூர்வம். தேடல் பிழையை லாஞ்ச்பேடில் போட்டால், நல்ல மனம் கொண்ட யாராவது அதை எழுதியவர்களின் பதிவேட்டுக்குக் கொண்டுசேர்க்கும்வரை அது அங்கேயே கிடக்கும். நேரே மூலத்திட்டத்துக்கு, அதாவது எழுதியவர்களிடமே, போய்விடுவது மேல் என்பேன்.

மூலத்திட்டத்துக்கு முன் ஒரு வேலை. டெபியனின் நிலையான பதிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வெளிவருகிறது. அதில் இருக்கும் மென்பொருள் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். மூலத்திட்டத்துக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி 'புதிய பதிப்பில் வருகிறதா?' என்பது. பிளாட்பேக், ஆப்இமேஜ் என்று தனித்து ஓடும் தொகுப்பாகப் புதிய பதிப்பை இறக்கி, இருப்பதைக் கலைக்காமல் சோதித்துவிட்டுப் போங்கள். அங்கே சரியாகிவிட்டிருந்தால் புகாரே தேவையில்லை.

அடுத்தது, எந்த மூலம்? தமிழ் எழுத்து திரையில் தெரிவதற்குள் பல கை மாறுகிறது. விசைப்பலகை மென்பொருள் குறியீட்டைத் தருகிறது, செயலி வாங்கிவைக்கிறது, ஹார்ஃப்பஸ் என்ற வடிவமைப்பு நூலகம் கொம்பை முன்னால் கொண்டுபோகிறது, எழுத்துரு உருவத்தைக் கொடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆபிஸ் எல்லாவற்றிலும் இதே ஹார்ஃப்பஸ்தான். எழுத்து உடைந்து தெரிந்தால் முதலில் எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். சரியாகிவிட்டால் குற்றம் பழைய எழுத்துருவில். மாறவில்லை என்றால் அதே வரியை வேறு செயலியில் ஒட்டிப் பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் குற்றம் முதல் செயலியில். எல்லாச் செயலியிலும், எல்லா எழுத்துருவிலும் உடைந்தால்தான் ஹார்ஃப்பஸ்மேல் சந்தேகப்படவேண்டும். அப்படி நடப்பது மிக அரிது. பலர் நேரே அங்கே போய் நிற்கிறார்கள், திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

இனி புகார். 'தமிழ்த் தேடல் வேலை செய்யவில்லை, அவசரம்' என்று எழுதினால் படிப்பவரால் ஒன்றும் செய்யமுடியாது. நம் பிழைக்கு நான் எழுதுவதென்றால் இப்படி இருக்கும், எளிய ஆங்கிலத்தில்:

தலைப்பு: ஒகர உயிர்மெய் இரு குறியீடுகளாக இருந்தால் தேடலில் கிடைப்பதில்லை (தமிழ்).
படிகள்: இணைத்திருக்கும் இரண்டு வரிக் கோப்பைத் திறக்கவும். முதல் வரியை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டவும். 'அனைத்தையும் தேடு' என்பதை அழுத்தவும்.
நடந்தது: முதல் வரி மட்டும் கிடைத்தது.
நடக்கவேண்டியது: இரண்டு வரியும் கிடைக்கவேண்டும். இரண்டிலும் இருப்பது ஒரே சொல். யூனிகோடு தரத்தின்படி இரண்டும் சமம்.

அதன்கீழே பதிப்பு விவரம். லிப்ரெஆபிஸில் 'உதவி' பட்டியலில் உள்ள 'பற்றி' சாளரத்தில் அதை நகலெடுக்கவே ஒரு பொத்தான் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸிலும் உதவிப் பட்டியலில் சிக்கல் தீர்க்கும் விவரங்களுக்கென்று ஒரு பக்கம் உண்டு.

இதில் தமிழுக்கென்றே ஒரு சங்கடம் இருக்கிறது. படிக்கப்போகிறவருக்குத் தமிழ் தெரியாது. 'கொ' உடைந்து தெரிகிறது என்று படம் அனுப்பினால், உடையாத 'கொ' எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பிழையே அவர் கண்ணுக்குப் பிழையாகத் தெரியாது. அதனால் படம் இரண்டு வேண்டும், சரியானது ஒன்று, தவறானது ஒன்று, எந்த இடத்தைப் பார்ப்பது என்று அம்புக்குறியோடு. உரையும் வேண்டும், ஏனென்றால் படத்திலிருந்து அவரால் தமிழை அடித்துச் சோதிக்க முடியாது. உரை மட்டும் போதாது, ஏனென்றால் அவர் கணினியில் வேறு எழுத்துரு இருந்து அது சரியாகவே தெரியலாம். 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்தைப் பார்த்தாலே ஐபோனில் செயலிகள் விழுந்தன. ஆப்பிள் அதே மாதம் ஐஓஎஸ் 11.2.6 வெளியிட்டுச் சரிசெய்தது. செயலி விழுந்ததைப் புரிந்துகொள்ளத் தெலுங்கு தெரியவேண்டியதில்லை. நம் தேடல் பிழை யாரையும் விழவைக்காது, அதனால் விளக்கவேண்டிய பொறுப்பு முழுக்க நம்மேல்.

இங்கேதான் தமிழ்க் குழு இரண்டாம் முறை உதவுகிறது. லிப்ரெஆபிஸின் பிழைப்பதிவேடான பக்ஸில்லாவில் புதிதாகப் பதிந்த பிழை 'உறுதிசெய்யப்படாதது' என்ற நிலையில் நிற்கும். வேறொருவர் தன் கணினியில் செய்து பார்த்து 'எனக்கும் வருகிறது' என்று எழுதினால்தான் அடுத்த நிலைக்கு நகரும். தமிழ்ப் பிழையை இன்னொரு தமிழர்தான் நம்பிக்கையோடு உறுதிசெய்ய முடியும். பதிந்த கையோடு இணைப்பைக் குழுவில் போட்டு, செய்து பார்க்கச் சொல்லுங்கள். வெறும் '+1' (நானும் ஆதரிக்கிறேன்) எழுதச் சொல்லவேண்டாம். அந்தத் தொல்லை தாங்காமல் 2016 ஜனவரியில் ஏராளமான திறமூலப் பராமரிப்பாளர்கள், தங்கள் நிரலையும் பதிவேட்டையும் வைத்திருக்கும் தளமான கிட்ஹப்புக்கு ஒரு திறந்த மடலே எழுதினார்கள்; மார்ச்சில் கட்டைவிரல் குறி வந்தது. ஆதரவு மட்டும் தெரிவிக்க அது போதும். பதிப்பு எண்ணோடு 'எனக்கும் வருகிறது' என்பதற்குத்தான் மதிப்பு.

இன்னொன்று, பதிந்துவிட்டு மறந்துவிடக்கூடாது. 'கூடுதல் விவரம் தேவை' என்று கேட்டுவிட்டுச் சில மாதம் பார்ப்பார்கள், பதில் வராவிட்டால் மூடிவிடுவார்கள். பதிவேட்டில் கொடுக்கிற மின்னஞ்சல், தினமும் பார்க்கிற முகவரியாக இருக்கட்டும்.

பொத்தானை அழுத்தினால்

மூலநிரல் பூட்டியிருக்கும் மென்பொருளுக்கு வேறு வழியில்லை, நிறுவனம் தரும் பொத்தான்தான். கிணற்றில் போட்ட கல். நம் புகாரை நாம் பார்க்கலாம், அடுத்தவர் புகாரைப் பார்க்க முடியாது, அதனால் ஒரே பிழையை எல்லோரும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்போம். என் வங்கியின் செயலியில் ஒரு புகார் போட்டேன். எண் வந்தது. அப்புறம் 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. பிழை அப்படியே இருக்கிறது, புகார்தான் தீர்ந்தது.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2019 ஜனவரியில் அமெரிக்காவின் அரிசோனாவில் 14 வயதுப் பையன் ஒருவன், ஃபேஸ்டைம் குழு அழைப்பில் மறுமுனையில் எடுப்பதற்கு முன்பே அங்கே பேசுவது கேட்கிறது என்று கண்டுபிடித்தான். அவன் அம்மா ட்விட்டர், ஃபேஸ்புக், மின்னஞ்சல், ஃபேக்ஸ் என்று எல்லா வழியிலும் ஆப்பிளிடம் சொல்லிப் பார்த்தார். முறைப்படி புகார் கொடுக்க நிரலாளர் கணக்கு தொடங்கச் சொன்னார்கள், அதையும் செய்தார். ஒரு வாரத்துக்குமேல் கழித்து விஷயம் ஊடகத்தில் வெடித்த பிறகுதான் குழு அழைப்பு வசதியையே நிறுத்தினார்கள். பிப்ரவரி 7-இல் ஐஓஎஸ் 12.1.4 வந்தது, அதில் பையனுக்கு நன்றியும் இருந்தது. பிளே ஸ்டோரில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து எழுதுவது, எக்ஸ் தளத்தில் நிறுவனத்தை இழுத்துவிட்டு எழுதுவது எல்லாம் இந்த அனுபவத்தில் பிறந்த பழக்கம். பணம் சிக்கியது, கணக்கு முடங்கியது போன்றவற்றுக்கு அது பலிக்கவும் செய்கிறது. எழுத்துப் பிழைக்கு, தேடல் பிழைக்கு எல்லாம் பலிப்பதில்லை. அந்தக் கணக்கைக் கவனிப்பவர் வாடிக்கையாளர் சேவைக்காரர், நிரலாளர் இல்லை.

ஊரறியச் சொல்லக்கூடாதவை

அடுத்தவர் கணக்குக்குள் நுழைய முடிகிறது, அடுத்தவர் ரசீது தெரிகிறது என்கிற மாதிரி ஓட்டை கண்ணில் பட்டால் இதுவரை சொன்ன எந்தப் பொது இடமும் ஆகாது. குழுவிலும் போடக்கூடாது, திறந்த பதிவேட்டிலும் போடக்கூடாது. கிட்ஹப்பில் பல திட்டங்கள் தனிமையில் தெரிவிக்க வசதி வைத்திருக்கின்றன. பெரிய நிறுவனங்களுக்கு, ஓட்டையைச் சொன்னவருக்குப் பணம் தரும் பரிசுத் திட்டங்கள் உண்டு. கேட்க நாதியில்லாத இடம் என்றால் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இருக்கிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா, இன்ஸ்டாகிராம் கணக்கைக் கைப்பற்ற இடம்கொடுத்த ஓட்டையை 2019-இல் முறைப்படி சொல்லி 30,000 டாலர் பெற்றார்.

2013-இல் பாலஸ்தீனரான கலீல் ஷ்ரியாத்தே, நண்பராக இல்லாதவர் சுவரிலும் எழுதமுடிகிறது என்று ஃபேஸ்புக்குக்குச் சொன்னார். சொன்னதில் விவரம் போதவில்லை, 'இது பிழையில்லை' என்று பதில் வந்தது. அவர் மார்க் ஸக்கர்பெர்க் சுவரிலேயே எழுதிக் காட்டினார். ஓட்டை அடைபட்டது, பரிசு மறுக்கப்பட்டது. பிறகு வெளியார் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். படிகளை ஒழுங்காக எழுதியிருந்தால் முதல் கடிதத்திலேயே முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி அனுமதியில்லாமல் நுழைந்தாலே நஷ்டஈடு கொடுக்க நேரலாம்; அதை நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவுப்படி குற்றம். 'நிரூபித்துக் காட்டுகிறேன்' என்று அடுத்தவர் கணக்கில் கைவைக்கவேண்டாம். சோதனைக்கு உங்களுடைய இரண்டு கணக்குகள் போதும்.

மூலத்திட்டத்துக்கே போங்கள் என்று இவ்வளவு வற்புறுத்திய நான் ஒரு விதிவிலக்கைச் சொல்லவேண்டும். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற, போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், எஸ்எஸ்எச் வழியாகத் தொலைக் கணினியில் உள்நுழைவதற்கு அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்து, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளுக்குள், கள்ளத்தனமாக நுழைய வைத்த பின்கதவு ஒன்று இருப்பதைக் கண்டார். அதை எக்ஸ்இசட் திட்டத்திடம் அவர் சொல்லவில்லை. டெபியனின் பாதுகாப்புக் குழுவுக்கும் மற்ற வழங்கல்களுக்கும் தனியாகத் தெரிவித்துவிட்டு, மார்ச் 29-இல் பொதுவில் எழுதினார். மூலத்திட்டத்தில் இருப்பவர்களுக்கே இதில் பங்கு இருப்பதாகத் தெரிவதால் அங்கே பிழை பதியவில்லை என்று அந்த மடலிலேயே காரணமும் சொல்லியிருந்தார்.